நாற்பது பேருக்கு முதல் புல் ரிக்வெஸ்ட்: எங்கே தொடங்குவது?

கணிமன்றம்

வணக்கம். கல்லூரிக் கணினி மன்றத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 40 பேருக்கு ஓப்பன் சோர்ஸ் பயிற்சி நடத்தவிருக்கிறோம். பைதான் ஓரளவு தெரியும். கிட் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) என்றால் கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அதைத் தளத்துக்கு அனுப்புவது) வரை பழக்கம். பிராஞ்ச் (தனிக் கிளை) என்றால் தயங்குவார்கள். பெரும்பாலும் 8 ஜிபி ரேம் விண்டோஸ் லேப்டாப்புகள். இரண்டு சனிக்கிழமைகள் கிடைக்கும். ஆளுக்கு ஒரு பிஆர் (புல் ரிக்வெஸ்ட், அதாவது நம் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு திட்டத்திடம் கேட்கும் கோரிக்கை) போட்டுவிட வேண்டும் என்று துறை எதிர்பார்க்கிறது. கிட்ஹப்பில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவர்களுக்கு ஏற்ற பிழை அல்லது வேலைப் பதிவு) லேபிளைத் தேடி ஆளுக்கொன்று பிரித்துக் கொடுத்தால் போதுமா?

டிஃப்வாசகர்

தோழர், லேபிளை விடுங்க, முதல்ல அந்த இலக்கைப் பத்திப் பேசிடலாம். ‘ஆளுக்கொரு பிஆர்’னு சொன்னா பாதிப் பேர் ரீட்மீ அறிமுகக் கோப்பில் ஒரு கமாவைச் சேர்த்து அனுப்பிட்டு அட்டெண்டன்ஸ் கேட்பாங்க. கற்பனையாச் சொல்லலை. டிஜிட்டல்ஓஷன் 2014-ல் ஆரம்பிச்ச ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் அக்டோபருக்குள்ள நாலு பிஆர் போட்டா டி-ஷர்ட்னு வச்சிருந்தாங்க. 2020-ல் குப்பை பிஆர் குவிஞ்சு, போட்டி நடந்துக்கிட்டு இருக்கும்போதே விதியை மாத்தி, சம்மதிச்ச ரிப்போக்களுக்கு (ஒரு திட்டத்தின் கோடு இருக்கிற இடம்) மட்டும்னு ஆக்க வேண்டியதாச்சு. 2023-ல் டி-ஷர்ட்டையே நிறுத்திட்டாங்க. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் வெப் திட்டத்தின் ரிப்போவில் இன்னொரு கூத்து. ஒரு பாட வீடியோவில் செஞ்சு காட்டின மாதிரியே ரீட்மீயில் தன் பெயரைச் சேர்த்து, அதை நிஜத் திட்டத்துக்கே வரிசையா அனுப்பினாங்க.

பிஆரை வாங்குற பக்கம் என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு பிஆர் வந்தா ரிப்போவைக் கவனிக்கிற எல்லாருக்கும் மெயில் போகும். ஒருத்தர் திறந்து பார்த்து, காரணம் எழுதி மூடணும். அதுக்குச் சம்பளம் கிடையாது. ஒரே மத்தியானத்தில் ஒரே கல்லூரியிலிருந்து 40 வந்தா அந்தக் கல்லூரிப் பெயரே ஸ்பாம் பட்டியலில் சேரும்.

இலக்கை இப்படி மாத்திக் கேளுங்க: முதல் சனிக்கிழமை முடியும்போது ஒவ்வொருத்தர் லேப்டாப்பிலும் ஒரு நிஜத் திட்டத்தின் டெஸ்ட்டுகள் முழுசா ஓடணும். ரெண்டாவது சனிக்கிழமை ஒரு பழைய பிழையைத் தன் கணினியில் மறுபடி வரவழைச்சு, அதை இஷ்யூவில் ஒழுங்கா எழுதணும். பிஆர் தானா வரும். பாதிப் பேருக்கு வராமலும் போகும், பரவாயில்லை.

கட்டளைக்கோடு

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிஆர் போடும் நடைமுறை கைக்குப் பழகாமல், மற்றதைக் கற்றுக்கொடுத்துப் பயனில்லை. நிஜத் திட்டத்தில் போட வேண்டாம் என்றால் சரி, பயிற்சிக்கென ஒரு ரிப்போவை நீங்களே உருவாக்குங்கள். கிட்ஹப்பில் ‘ஃபர்ஸ்ட் கான்ட்ரிபியூஷன்ஸ்’ என்று அதற்காகவே ஒரு ரிப்போ இருக்கிறது, ஆனால் அங்கே எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். சிக்கல் வந்தால்தான் பாடம்.

உங்கள் ரிப்போவில் 60 வரியில் ஒரு பைதான் கோப்பு, ஐந்து டெஸ்ட்டுகள், அதில் ஒன்று தோற்கும்படி வையுங்கள். ஃபோர்க் (ரிப்போவின் சொந்த நகல்), குளோன் (அதைக் கணினிக்கு இறக்குதல்), மூல ரிப்போவை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற ரிமோட்டாகச் (தொலை முகவரியாகச்) சேர்த்தல், புது பிராஞ்ச், திருத்தம், புஷ், பிஆர். இதுவரை எல்லோரும் வருவார்கள். அதன் பிறகு நீங்கள் அதே வரியை மெயினில் (முதன்மை பிராஞ்சில்) மாற்றி விடுங்கள். 40 பிஆரிலும் கான்ஃப்ளிக்ட் (ஒரே வரிக்கு மோதும் இரண்டு மாற்றங்கள்) வரும். இப்போது ‘கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்’, ‘கிட் ரீபேஸ் அப்ஸ்ட்ரீம்/மெயின்’ (நம் மாற்றத்தைப் புதிய மெயினின் மேல் வைத்தல்), குறிகளை நீக்கிச் சரிசெய்தல், ‘கிட் ரீபேஸ் --கன்டினியூ’, கடைசியாக ‘கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்’.

வெறும் ‘--ஃபோர்ஸ்’ (அங்கே இருப்பதை மேலெழுதிவிடும்) சொல்லிக்கொடுக்காதீர்கள். லீஸ் சேர்த்தால், நாம் கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு வேறு யாராவது அந்த பிராஞ்சில் புஷ் செய்திருந்தால் கிட் மறுத்துவிடும்.

இந்தப் படியைத் தாண்டாதவர்கள் கான்ஃப்ளிக்ட் வந்ததும் பழைய பிஆரை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பார்கள். ரிவ்யூ செய்தவர் எழுதிய குறிப்புகளெல்லாம் பழையதிலேயே கிடக்கும். மெயின்டெயினர்களை (திட்டத்தைப் பராமரிப்பவர்களை) எரிச்சலூட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

டிஃப்வாசகர்

பயிற்சி ரிப்போவுக்கு எனக்கு மறுப்பில்லை. கூடவே இன்னொன்னையும் அதிலேயே காட்டிடுங்க: மெயினிலேயே வேலை செஞ்சா என்ன ஆகும்னு. முதல் பிஆர் மெயினிலிருந்து போகும். அது சேர்க்கப்படுறதுக்குள்ள ரெண்டாவதையும் மெயினிலிருந்தே அனுப்பப் பார்த்தா, புதுசு எதுவும் திறக்காது. கமிட் எல்லாம் முதல் பிஆரிலேயே போய் ஒட்டிக்கும். சரி செய்ய: ‘கிட் ஸ்விட்ச் -சி புதுபிராஞ்ச் அப்ஸ்ட்ரீம்/மெயின்’, அப்புறம் வேண்டிய கமிட்டை மட்டும் ‘கிட் செர்ரி-பிக்’.

மூலக்கிளை

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி. 8 ஜிபி விண்டோஸ் என்றால் சி, சி++ கம்பைல் செய்ய வேண்டிய எதையும் தொடாதீர்கள். பாண்டாஸ் (தரவுப் பகுப்பாய்வுத் தொகுப்பு) பைதான்தானே என்று போனால், மூலத்திலிருந்து கட்ட சி கம்பைலர் வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் பில்ட் டூல்ஸ் நிறுவுவதிலேயே உங்கள் முதல் சனிக்கிழமை முடிந்துவிடும். சுத்த பைதானில் எழுதப்பட்டவற்றைப் பாருங்கள்: ஜாங்கோ, ஃபிளாஸ்க், பைடெஸ்ட், ஸ்ஃபிங்ஸ்.

இதில் இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோவைச் சொல்வேன். காரணம், நடைமுறை முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். டெஸ்ட்டுகள் இயல்பாகவே எஸ்க்யூலைட்டில் ஓடும், டேட்டாபேஸ் சர்வர் நிறுவ வேண்டியதில்லை. விர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனிப் பைதான் சூழல்) ஒன்றை உருவாக்கி, ‘டெஸ்ட்ஸ்’ அடைவுக்குள் போய், ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால் -இ ..’, பிறகு ரிக்வயர்மென்ட்ஸ் அடைவில் உள்ள பைதான் 3 பட்டியலை நிறுவி, ‘ரன்டெஸ்ட்ஸ்’ கோப்பை ஓட்டினால் போதும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டெஸ்ட்டுகள், பழைய லேப்டாப்பில் நேரம் பிடிக்கும். அதனால் முழுவதையும் ஓட்டாமல் ஒரே தொகுதியின் பெயரைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், உதாரணமாக ஃபார்ம்ஸ் டெஸ்ட்டுகள் மட்டும்.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. ஜாங்கோவின் இஷ்யூக்கள் கிட்ஹப்பில் இல்லை, ட்ராக் என்ற தளத்தில் டிக்கெட்டுகளாக இருக்கின்றன. கோடு மட்டும்தான் கிட்ஹப். ஆரம்பநிலையாளர்களுக்கு ஏற்றவை ‘ஈஸி பிக்கிங்ஸ்’ என்று குறிக்கப்படும். ஒரு டிக்கெட் ‘அக்செப்டட்’ நிலைக்கு வருவதற்கு முன் அதற்குக் கோடு எழுதுவது வீண். இது பிழையே இல்லை என்று மூடிவிட வாய்ப்புண்டு. எழுத்துப்பிழை போன்ற அற்ப ஆவணத் திருத்தத்துக்கு மட்டும் டிக்கெட் வேண்டாம். கமிட் செய்தியின் வடிவத்திலும் கண்டிப்பு: ‘ஃபிக்ஸ்டு’, டிக்கெட் எண், இரண்டு சிறு கோடு, இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம், கடைசியில் முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் அதையும் ரிவ்யூவில் கேட்பார்கள்.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ ஒட்டி இரண்டு வருடமாகத் திறந்தே கிடக்கும் இஷ்யூ பெரும்பாலும் சுலபமானதல்ல. உள்ளே போய்ப் பாருங்கள்: மூன்று பேர் ‘நான் எடுத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டிருப்பார்கள், இரண்டு பிஆர் பாதியில் நிற்கும், எப்படித் தீர்ப்பது என்பதில் மெயின்டெயினர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருக்காது. நேற்று ஒட்டியதோ இன்று மாலைக்குள் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் 40 தேறாது. ஆகவே பிரித்துக் கொடுக்கும் யோசனையையே கைவிடுங்கள்.

எந்த ரிப்போவானாலும் ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது: உரிமக் கோப்பு இருக்கிறதா (இல்லையென்றால் அது ஓப்பன் சோர்ஸே அல்ல), பங்களிப்பு வழிகாட்டி இருக்கிறதா, கடைசியாகச் சேர்க்கப்பட்ட பத்து பிஆர்களில் வெளியாட்களுடையது எத்தனை, அவை எவ்வளவு நாளில் சேர்ந்தன. உள்ளே இருக்கும் ஆட்களின் பிஆர் மட்டுமே சேர்ந்துகொண்டிருந்தால் வெளியே வந்துவிடுங்கள், நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் சரி.

விண்டோஸ்வாசி

ஹாலில் நடக்கப் போறதை இப்பவே சொல்லிடறேன், முன்னாடியே தயார் பண்ணிக்கோங்க.

40 பேர் ஒரே நேரத்தில் குளோன் அடிச்சா கல்லூரி வைஃபை படுத்துடும். நீங்க ஒரு தடவை குளோன் பண்ணி, ‘கிட் பண்டில் கிரியேட்’ போட்டு ஒரே கோப்பா ஆக்கி பென் டிரைவில் கொடுங்க. அதிலிருந்து குளோன் பண்ணிட்டு, ‘கிட் ரிமோட் செட்-யூஆர்எல்’ போட்டு அவங்கவங்க ஃபோர்க் முகவரிக்கு மாத்திக்கலாம். பைதான் தொகுப்புகளுக்கும் இதே கதைதான்: முன்கூட்டியே ‘பிப் டவுன்லோட்’ பண்ணி ஒரு அடைவில் வச்சு, ‘--நோ-இண்டெக்ஸ்’, ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ கொடுத்து நிறுவச் சொல்லுங்க. உங்க பைதான் பதிப்பும் அவங்களோடதும் ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா வீல் (முன்னாடியே கட்டி வச்ச தொகுப்பு) பொருந்தாது.

‘--டெப்த் 1’ போட்டு குளோன் பண்ணச் சொல்லாதீங்க. சின்னதா வரும், ஆனா வரலாறு இருக்காது. வரலாற்றில் தேடற பிளேம், லாக், பைசெக்ட் எதுவும் வேலைக்கு ஆகாது. பெரிய ரிப்போன்னா ‘--ஃபில்டர்=பிளாப்:நன்’. கமிட் வரலாறு முழுசா வரும், பழைய கோப்பு உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது இறங்கும்.

பாஸ்வேர்ட் கேட்டு நிக்கும். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13-லேருந்து கிட் கட்டளைகளுக்கு பாஸ்வேர்டை ஏத்துக்கறதில்லை. பழைய வீடியோ பார்த்து வர்றவங்க எல்லாம் இங்கதான் முட்டுவாங்க. எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலான அடையாளக் கோப்பு) உருவாக்கிச் சேர்க்கச் சொல்லுங்க. பல கல்லூரி நெட்வொர்க்கில் 22-ம் போர்ட் அடைச்சிருப்பாங்க, அப்ப எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட்நேமை ‘எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம்’னும் போர்ட்டை 443-ன்னும் கொடுத்தா போகும். கணக்கு திறக்கறது, டூ-ஃபாக்டர் அமைக்கறது எல்லாம் வீட்டிலேயே முடிச்சுட்டு வரட்டும். ரிகவரி கோடை எங்கயாவது எழுதி வைக்கச் சொல்லுங்க.

புஷ் பண்ணும்போது ‘ஜிஹெச்007’னு பிழை வந்தா பயப்பட வேண்டாம். மின்னஞ்சலை மறைச்சு வைக்கற அமைப்பை ஆன் பண்ணிட்டு, கமிட்டில் நிஜ மின்னஞ்சலைப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அமைப்புப் பக்கத்தில் கிட்ஹப் கொடுக்கற நோ-ரிப்ளை முகவரியை ‘யூசர்.இமெயில்’ல வச்சுட்டு, ‘கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆதர்’ போட்டா அந்தக் கடைசி கமிட் சரியாயிடும்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் விட அடிக்கடி நடக்கறது: ஒரு வரி திருத்தினேன், டிஃப்ல (மாற்றங்களைக் காட்டற பட்டியல்ல) 412 வரி மாறியிருக்குன்னு வருவாங்க. ரெண்டு காரணம்தான். ஒண்ணு, வரி முடிவு: ஒரே அடைவை விண்டோஸ் கிட்டும் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள ஓடற லினக்ஸ்) கிட்டும் மாத்தி மாத்தித் தொட்டா எல்லாக் கோப்பும் மாறின மாதிரி தெரியும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யணும். ரெண்டு, எடிட்டர்ல ‘ஃபார்மேட் ஆன் சேவ்’ (சேமிக்கும்போதே கோடின் அமைப்பை மாத்தறது) ஆன்ல இருக்கும். கமிட்டுக்கு முன்னாடி ‘கிட் டிஃப் --ஸ்டாட்’ ஓட்டறதைப் பழக்கமாக்கிட்டா ரெண்டும் அங்கயே மாட்டிக்கும். ‘கிட் ஆட் -பி’ போட்டா துண்டு துண்டா கேட்டுக் கேட்டுச் சேர்க்கலாம்.

கணிமன்றம்

மிக்க நன்றி. போர்ட் 443 விஷயம் எங்களுக்கு நிச்சயம் தேவைப்படும். கோடு எழுதத் தயங்குபவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை ஆவணங்கள், தமிழ் மொழிபெயர்ப்பு பக்கம் அனுப்பலாமா?

சரம்கோப்பு

அனுப்பலாம். ஆனால் ‘கோடு வராதவர்களுக்கு மொழிபெயர்ப்பு’ என்று சொல்லி அனுப்ப வேண்டாம், அதுவும் உடைக்கக்கூடிய வேலைதான். லிப்ரே ஆபீஸ் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் பொன்டூன் என்ற தளத்தில். உலாவியிலேயே செய்யலாம், எதையும் நிறுவ வேண்டாம்.

உடைவது எங்கே என்றால், இடநிரப்பிகளில் (பிறகு மதிப்பு வந்து அமரும் குறிகளில்). மூலச் சரத்தில் (எழுத்துத் தொடரில்) முதலில் எண்ணிக்கை, பிறகு அடைவின் பெயர் என்று ‘%d’, ‘%s’ வரும். தமிழில் இயல்பாக அடைவு முன்னால் வரும்: ‘படங்கள் அடைவில் 3 கோப்புகள்’. குறிகளை அப்படியே இடம்மாற்றி எழுதினால் எண் வர வேண்டிய இடத்தில் சரம் வந்து நிரல் நின்றுவிடலாம். சி வகை கெட்டெக்ஸ்ட் (மொழிபெயர்ப்புக் கருவி) கோப்புகளில் ‘%2$s’, ‘%1$d’ என வரிசை எண்ணோடு எழுத வேண்டும். பிஓ கோப்பை (மொழிபெயர்ப்புக் கோப்பை) நேரடியாகத் திருத்துபவர்கள் அனுப்புவதற்கு முன் ‘எம்எஸ்ஜிஎஃப்எம்டி --செக்’ ஓட்டட்டும், இந்த வகைப் பிழைகள் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ‘ஃபஸி’ என்று குறிக்கப்பட்டவை பழைய சரத்திலிருந்து ஊகித்து நிரப்பப்பட்டவை. படித்துப் பார்க்காமல் குறியை எடுத்துவிடாதீர்கள்.

தமிழ் தெரிந்தவர்களால் மட்டும் எளிதில் பிடிக்க முடிகிற பிழைகளும் இருக்கின்றன. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் ொ என்ற ஒற்றைக் குறி, அல்லது க-வுடன் ெ, ா என இரண்டு குறிகள். திரையில் வித்தியாசமே தெரியாது. நார்மலைஸ் செய்யாத (ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத) தேடலில் ஒன்றைத் தட்டினால் மற்றது கிடைக்காது. பைதானில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் நார்மலைஸ் செயல்கூறில் ‘என்எஃப்சி’ கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதே நேரம், ௌ குறிக்குப் பதில் ெ போட்டுப் பின்னால் ள என்ற எழுத்தையே தட்டியிருந்தால் அதை என்எஃப்சி சரிசெய்யாது, அது வேறு எழுத்து. இன்னொரு வகை, தலைப்பை 20 குறிகளில் வெட்டும் மென்பொருள்: ‘கு’ என்பதே பைதானுக்கு இரண்டு நீளம், எனவே மெய்யெழுத்தின் புள்ளியோ உயிர்க்குறியோ அறுந்து விழும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் குறிப்புச் செயலி, அரட்டைச் செயலி எதிலாவது இதைச் சோதித்துப் பாருங்கள். கிடைத்தால் அது நகல் இல்லாத, சொந்த இஷ்யூ.

டிஃப்வாசகர்

இதுதான் நான் சொல்ல வந்தது. ஆவணம் பத்தி ஒரு வார்த்தை: எழுத்துப்பிழைத் திருத்தத்தை முதல் பிஆரா வைக்கிறதில் தப்பில்லை, ஆனா அது தேடிப் பிடிச்ச எழுத்துப்பிழையா இருக்கக் கூடாது. வழிகாட்டியைப் பார்த்து நிறுவும்போது எந்தப் படியில் மாட்டினீங்களோ அந்த இடத்தைத் திருத்துங்க. விண்டோஸில் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் பண்ற கட்டளை வேற, ஏதோ ஒரு தொகுப்பை நிறுவச் சொல்லாம விட்டுட்டாங்க, இந்த மாதிரி. பழைய ஆட்களுக்கு அது கண்ணிலேயே படாது, அவங்க கணினியில் எல்லாம் எப்பவோ நிறுவியாச்சு.

பிழையை மறுபடி வரவழைக்கிற வேலைக்கு வருவோம். இஷ்யூவில் ‘எனக்கும் இதே பிரச்சினை’னு எழுதறது சத்தம், அவ்வளவுதான். எழுத வேண்டியது: இயங்குதளம், பைதான் பதிப்பு, திட்டத்தின் பதிப்பு, அப்புறம் தேவையில்லாததை எல்லாம் வெட்டிப் பத்துப் பதினைஞ்சு வரிக்குள் சுருக்கின கோடு, எதிர்பார்த்த விளைவு, வந்த விளைவு. ‘இப்போதைய மெயினில் வரலை, போன பதிப்பில் வருது’ன்னு சொன்னாலே ஒரு இஷ்யூவை மூட உதவி.

முன்பு ஒழுங்கா ஓடினது இப்ப ஓடலைன்னா ‘கிட் பைசெக்ட்’. கெட்ட கமிட் ஒண்ணு, நல்ல கமிட் ஒண்ணு காட்டினா நடுவிலிருந்து பாதி பாதியா வெட்டிக்கிட்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துத் தடவை சோதிச்சா போதும். ‘பைசெக்ட் ரன்’ கூட ஒரு டெஸ்ட் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்துட்டா தானே ஓடி முடிக்கும். எந்த கமிட்டில் உடைஞ்சதுன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதினா, அவசரமா அனுப்பின பல பிஆரை விட அது மெயின்டெயினருக்கு உதவும். அதுக்குப் பைதான்கூடப் பெரிசாத் தெரிய வேண்டாம்.

புதுக்கமிட்

அண்ணா, ஒரு சந்தேகம். இஷ்யூவை ஏஐ கருவியில் ஒட்டினா பேட்ச்சே (திருத்தக் கோடு) வந்துடுது. டெஸ்ட்டும் பாஸ் ஆகுது. அதை அனுப்பக் கூடாதா?

மூலக்கிளை

முதலில் அந்தத் திட்டத்தின் விதியைப் படியுங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் வகை 2024 ஏப்ரலில் ஏஐ உதவியுடன் உருவாக்கிய பங்களிப்புகளைத் தடை செய்தது, அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி இயங்குதளமும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வேறு சில திட்டங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் பயன்படுத்தியதைச் சொல்லச் சொல்கின்றன. லினக்ஸ் கெர்னல் போல டிசிஓ (பங்களிப்பவரின் உரிமை உறுதிமொழி) கேட்கும் இடங்களில் ‘கிட் கமிட் -எஸ்’ போடும்போது, இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று உங்கள் பெயரில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

விதி அனுமதித்தாலும் ஒரு சோதனை: ரிவ்யூவில் ‘இந்த நிபந்தனையை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்று கேட்டால் கருவியைத் திறக்காமல் பதில் எழுத முடியுமா? முடியாதென்றால் அனுப்பாதீர்கள். சிறிய இஷ்யூக்களைப் பல திட்டங்கள் புதியவர்களுக்காகவே தீர்க்காமல் விட்டு வைத்திருக்கின்றன. பேட்ச் மட்டும்தான் வேண்டுமென்றால் அவர்களே பத்து நிமிடத்தில் போட்டிருப்பார்கள். கர்ல் (இணையத் தரவுப் பரிமாற்றக் கருவி) திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றி 2024 முதலே வெளிப்படையாகப் புலம்பி வருகிறார். அந்த அறிக்கைகளும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், படித்து முடித்த பிறகுதான் ஒன்றுமில்லை என்று தெரியும்.

புதுக்கமிட்

சரிங்கண்ணா. நான் ஏற்கெனவே ஒரு பைதான் திட்டத்துக்குச் சின்ன பிஆர் ஒண்ணு போட்டிருக்கேன், கையால எழுதினதுதான். கீழே டெஸ்ட் பகுதியில் மஞ்சளா நிக்குது, ஓடவே மாட்டேங்குது. நான் எதையாவது உடைச்சுட்டேனா?

கட்டளைக்கோடு

இல்லை. அந்த ரிப்போவுக்கு முதல் தடவை பங்களிப்பவரின் பிஆரில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (டெஸ்ட்டுகளை கிட்ஹப்பின் கணினிகளில் ஓட்டும் சேவை) தானாக ஓடாது, மெயின்டெயினர் ஒருவர் அனுமதி கொடுக்க வேண்டும். கிரிப்டோ சுரங்கக்காரர்கள் பிஆர் வழியாக அந்தக் கணினிகளைச் சுரண்டியதால் 2021-ல் வந்த ஏற்பாடு. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, காத்திருங்கள்.

அதுவரை விவரிப்பைச் சரிபாருங்கள். ‘ஃபிக்ஸஸ்’ என்ற சொல்லும் இஷ்யூ எண்ணும் விவரிப்பில் இருந்தால், பிஆர் முதன்மை பிராஞ்சில் சேரும்போது இஷ்யூ தானே மூடிக்கொள்ளும். தலைப்பில் மட்டும் எண்ணைப் போட்டால் அந்த இணைப்பு வராது. எந்த டெஸ்ட்டைச் சேர்த்தீர்கள், அது உங்கள் திருத்தம் இல்லாமல் தோற்கிறதா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இதைச் சோதிக்க, திருத்திய கோப்பை மட்டும் ‘கிட் ஸ்டாஷ் புஷ் -- கோப்புப்பெயர்’ என்று ஒதுக்கி டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். கமிட் செய்துவிட்டீர்கள் என்றால் ‘கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்=அப்ஸ்ட்ரீம்/மெயின் கோப்புப்பெயர்’, பார்த்த பிறகு ‘கிட் ரீஸ்டோர் கோப்புப்பெயர்’ போட்டால் உங்களுடையது திரும்ப வந்துவிடும்.

புதுக்கமிட்

பார்த்துட்டேன், திருத்தம் இல்லாம டெஸ்ட் தோக்குது. எத்தனை நாள் காத்திருக்கலாம்?

டிஃப்வாசகர்

வழிகாட்டியில் எழுதியிருந்தா அதுபடி. இல்லேன்னா ரெண்டு வாரம். அப்புறம் ஒரே ஒரு கமென்ட்: மெயினோட ரீபேஸ் பண்ணியாச்சு, டெஸ்ட் ஓடுது, வேற ஏதாவது மாத்தணுமான்னு. யாரையும் பேர் சொல்லி டேக் பண்ணாதீங்க, தனி மெயிலும் போடாதீங்க. அதுக்கப்புறமும் ஒரு மாசம் சத்தமில்லேன்னா பிஆரை அப்படியே திறந்து வச்சுட்டு அடுத்த திட்டத்துக்குப் போங்க. ஆறு மாசம் கழிச்சுச் சேர்த்துக்கிறதும் உண்டு, அதனால ஃபோர்க்கை மட்டும் அழிச்சிடாதீங்க. ஃபோர்க் போயிட்டா அந்த பிஆரில் உங்களால் மேற்கொண்டு எதையும் புஷ் பண்ண முடியாது.